கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அரை கிலோமீட்டர்

2017 மார்ச் 4. இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில், பப்புவாவை ஒட்டிய ராஜா அம்பாட் தீவுக்கூட்டம். வைகியோ தீவில் பறவை பார்க்கப் போன பயணிகள் திரும்பி வந்து ஏறிக்கொண்டதும் 'கலிடோனியன் ஸ்கை' கிளம்பியது. 90 மீட்டர் நீளமுள்ள கப்பல், 102 பயணிகள், 79 ஊழியர்கள். கடல் வற்றிய நேரம். கிரி தீவுக்குப் பக்கத்தில் கப்பல் ஒரு பவளத்திட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இழுவைப் படகைக் கொண்டுவந்து, நீர் ஏறியபோது இழுத்து மீட்டார்கள். அந்த இழுப்பில் திட்டு இன்னும் நொறுங்கியது. முதலில் 1,600 சதுர மீட்டர் சேதம் என்றார்கள். பிறகு அரசுத் தரப்பு அளந்து சொன்ன கணக்கு 18,000 சதுர மீட்டரைத் தாண்டியது.

பவளம் பார்க்க வந்த கப்பலே பவளத்தை உடைத்துவிட்டது என்று எல்லோரும் திட்டினார்கள். திட்டியது சரிதான். ஆனால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. 90 மீட்டர் கப்பல் எதற்காகத் திட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் போனது? ஒரு தடவை தவறிப் போனது என்று விட்டுவிட முடியாது. இந்த வகைக் கப்பல்கள் தினமும் அப்படித்தான் போகின்றன. போகாவிட்டால் பயணமே இல்லை.

கடல் சுற்றுலா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மிதக்கும் நகரம். 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 365 மீட்டர் நீளம். நிறைத்தால் 7,600 பயணிகள் வரை ஏறலாம். அதில் போகிறவர்களுக்குக் கப்பல்தான் ஊர். நடுநடுவே வரும் துறைமுகம் காலாற நடந்துவர ஒரு சாக்கு, அவ்வளவே. எக்ஸ்பெடிஷன் க்ரூஸ் என்று அழைக்கப்படும் சிறு கப்பல் பயணம் வேறு கணக்கு. பத்துப் பதினாறு பேர் போகும் பாய்மரப் படகிலிருந்து இருநூறு பேர் போகும் கப்பல் வரை இதில் சேர்த்தி. கப்பலில் படுக்க ஒரு அறை, ஒரு சாப்பாட்டுக்கூடம், மாலையில் பறவையியலோ பவளமோ தெரிந்த ஒருவர் பேசுவதற்கு ஒரு கூடம். ஊர் என்பது வெளியே இருக்கிறது. அந்த ஊரில் பெரும்பாலும் படகுத்துறை கிடையாது, விமானத்தளம் கிடையாது, பல இடங்களில் ஆளே கிடையாது.

கப்பல் சிறியதாக இருப்பதை விளம்பரங்கள் நெருக்கம், அமைதி, சொகுசு என்று விற்கின்றன. உண்மைக் காரணம் வெறும் கூட்டல் கழித்தல். படகுத்துறை இல்லாத தீவில் ஆட்களை இறக்க ரப்பர் படகுதான் வழி. ஒரு படகில் ஒரு நடைக்குப் பத்துப் பேர் போகலாம். நூறு பேரை இறக்கப் பத்து நடை. நாலைந்து படகு இருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 7,000 பேர் என்றால் 700 நடை. கடைசி ஆள் கரையைத் தொடுவதற்குள் முதல் ஆளுக்கு வீடு ஞாபகம் வந்துவிடும்.

படகு திறந்த படகு, மோட்டார் சின்னது, அலை அடித்தால் நனைந்து போவார்கள், வயதானவர்கள் அதிகம். அதனால் கப்பல் கரைக்கு எவ்வளவு கிட்டே நிற்கிறதோ அவ்வளவு நல்லது. வெப்ப மண்டலத் தீவுகளில் கரைக்குக் கிட்டே என்றால் பவளத்திட்டுக்குக் கிட்டே என்று பொருள். 9 மீட்டருக்கு மேல் நீரில் அமிழ்ந்து நிற்கும் பெரிய கப்பல் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. நாலைந்து மீட்டர் அமிழும் சிறு கப்பலால் போக முடியும். போக முடிகிறது என்பதுதான் அதன் பலம். கிரியில் நடந்தது அந்தப் பலத்தின் மறுபக்கம்.

இந்த ரப்பர் படகு இல்லாவிட்டால் இப்படி ஒரு தொழிலே பிறந்திருக்காது என்பது என் எண்ணம். ஆகாயக் கப்பல் செய்துகொண்டிருந்த ஸோடியாக் என்ற பிரெஞ்சு நிறுவனத்தில் பொறியாளர் பியேர் தெப்ரூத்தெல் 1930-களில் உருவாக்கியது அது. காற்றடைத்த குழாய்தானே, குளத்தில் விடலாம் என்ற அளவுக்குத்தான் பலரும் அதை மதித்தார்கள். 1952-ல் மருத்துவர் அலேன் பொம்பார் அப்படி ஒரு படகில் தனியாளாக அட்லாண்டிக்கைக் கடந்து காட்டினார். சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பயண நிறுவனம் நடத்திய லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் 1966-ல் சுற்றுலாப் பயணிகளை அண்டார்டிகாவுக்கும், அடுத்த ஆண்டு ஈக்வடாரின் கலாபகோஸ் தீவுகளுக்கும் கூட்டிப் போனார். 1969-ல் இதற்கென்றே ஒரு சிறு கப்பலைக் கட்ட வைத்தார். சிறு கப்பல், அதன் மேல்தளத்தில் அடுக்கிய ரப்பர் படகுகள், கூடவே வரும் இயற்கை அறிஞர்கள் என்ற ஏற்பாடு இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

சரி, இறங்குவது எப்படி? கேப்டன் முதலில் கப்பலைக் காற்றுக்குக் குறுக்கே திருப்புவார். ஒரு பக்கம் காற்று மோத, மறுபக்கம் கொஞ்சம் அமைதியான நீர் கிடைக்கும். படகு அந்த மறைவில் வந்து ஒட்டிக்கொள்ளும். பக்கவாட்டு ஏணியின் கடைசிப் படியில் நின்றால் படகு காலடியில் ஒரு நிமிடம் ஏறுகிறது, மறு நிமிடம் ஒரு ஆள் உயரம் இறங்கிவிடுகிறது. கையைக் கொடுக்கிற முறையைக்கூடச் சொல்லித் தருவார்கள். உள்ளங்கையைக் கோக்கக் கூடாது, வழுக்கிவிடும். மணிக்கட்டுக்கு மேலே ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொள்ள வேண்டும். கேமரா பைக்குள் போய்விட வேண்டும், இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். படகு மேலே வந்து ஒரு நொடி தயங்கும்போது படகோட்டி 'இப்போது' என்பார். யோசித்தால் படகு இறங்கிவிடும். யோசிக்காமல் கால் வைப்பவர்கள் எளிதாக ஏறிவிடுகிறார்கள்.

கரையில் மணல் என்றால் முழங்கால் அளவு நீரில் சறுக்கி இறங்குவது, பாறை என்றால் பாசியில் வழுக்காமல் தாவுவது. படகோட்டி கரைக்கு வந்ததும் இறக்கிவிட மாட்டார். திரும்பிக் கடலைப் பார்த்து அலைகளை எண்ணுவார். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சிறிது ஓய்வு இருக்கும். அந்த ஓய்வில்தான் நாலு பேர் இறங்குவார்கள்.

போனவர்கள் எல்லோரும் திரும்பினார்களா என்று பார்ப்பதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை. பல கப்பல்களில் ஏணிக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் எண் போட்ட வில்லைகள். இறங்கும்போது உங்கள் வில்லையைத் திருப்பி வைக்கிறீர்கள், ஏறும்போது பழையபடி திருப்புகிறீர்கள். சில கப்பல்களில் அட்டையைத் தேய்த்தால் மணி அடிக்கும். மதியம் பலகையில் ஒரு வில்லை மட்டும் திரும்பாமல் இருந்தால் நங்கூரம் எடுக்கக் கூடாது. பெரும்பாலும் அந்த ஆள் அறையில் குளித்துக்கொண்டிருப்பார், வில்லையை மறந்திருப்பார். ஆனால் எப்போதும் அப்படி இருக்காது. 2025 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில், மலையேறப் போன குழுவிலிருந்து பிரிந்த ஒரு பயணி திரும்பாமலேயே கப்பல் கிளம்பிவிட்டது. பல மணி நேரம் கழித்துத் தெரிந்து கப்பல் திரும்பி வந்தது. மறுநாள் அவரது உடல்தான் கிடைத்தது.

இது புதிய ஆபத்தும் அல்ல. உயிரினங்களைத் தேடி இந்தத் தீவுகளில் எட்டு ஆண்டுகள் அலைந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1860-ல் செராம் தீவிலிருந்து இதே வைகியோவுக்கு ஒரு சிறு படகில் போனார். வழியில் ஆளில்லாத் தீவு ஒன்றில் கொடி வெட்டிவர இரண்டு பேரை இறக்கினார். நங்கூரம் பிடிக்கவில்லை. நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போய்விட்டது, திரும்பவே முடியவில்லை. வைகியோ போய்ச் சேர்ந்த பிறகு ஆள் அனுப்பித் தேடி, ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் இருவரும் மீட்கப்பட்டார்கள். கிழங்கும் ஆமை முட்டையும் தின்று பிழைத்திருந்தார்கள். வாலஸ் வைகியோவுக்குப் போனது சிவப்புச் சொர்க்கப்பறவைக்காக. இன்றும் கப்பல் பயணிகள் விடியும் முன் எழுந்து, கைவிளக்கோடு காட்டுக்குள் நடப்பது அதே பறவைக்காகத்தான்.

இப்போது கேப்டனின் அறைக்கு வருவோம். ஜிபிஎஸ் இருக்கிறது, மின்னணு வரைபடம் இருக்கிறது, அப்புறம் என்ன கவலை என்று தோன்றும். பசிபிக்கிலும் கிழக்கு இந்தோனேசியாவிலும் பல மூலைகளின் ஆழக்கணக்கு, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டுப் பார்த்த காலத்தது. குண்டு விழுந்த இடத்தின் ஆழம் தெரியும். இரண்டு குண்டுக்கு நடுவே ஒரு பவளத்தூண் எழும்பி நின்றால் அது வரைபடத்தில் இருக்காது. பழைய வரைபடங்களில் தீவே சில நூறு மீட்டர் தள்ளி இருப்பதும் உண்டு; ஜிபிஎஸ்ஸை நம்பினால் கப்பல் தரையில் ஓடுவதாகத் திரை காட்டும். அதனால் செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கிறார்கள், ரப்பர் படகை முன்னால் அனுப்பி ஆழம் பார்க்கச் சொல்கிறார்கள், கடைசியில் கண்ணை நம்புகிறார்கள்.

கண்ணை நம்புவதற்கு நேரம் பார்க்க வேண்டும். வெயில் உச்சியை ஒட்டி, முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் நீரின் நிறம் பேசும். மயில்கழுத்து நீலம் என்றால் ஆழம். வெளிறிய பச்சை என்றால் மணல் தெரிகிறது, கவனம். தவிட்டு நிறமாகத் தெரிந்தால் அது பவளத்தின் தலை, அங்கே போகவே கூடாது. மாலை நாலு மணிக்குச் சூரியன் எதிரே வந்துவிட்டால் கடல் முழுக்க ஒரே வெள்ளித்தகடு. எல்லா நிறமும் ஒன்று. 'இன்னும் ஒரு மணி நேரம் இங்கேயே நிற்கக் கூடாதா' என்று கெஞ்சும் பயணிகளிடம் கேப்டன் முகம் கொடுக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

கிரியில் உடைந்தது எப்பேர்ப்பட்ட இடம் என்று சொல்ல வேண்டும். பவள முக்கோணம் என்று அழைக்கப்படும் கடலின் நடுமையம் ராஜா அம்பாட். உலகில் அறியப்பட்ட கடினப் பவள இனங்களில் முக்கால்வாசி அந்த முக்கோணத்துக்குள் இருக்கின்றன. கிரி முனையில் மீனியல் அறிஞர் ஜெரி ஆலன் ஒரே முக்குளிப்பில் 374 மீன் இனங்களை எண்ணினார். உடைந்த பவளம் திரும்ப வளராதா? வளரும். ஆனால் எதன் மேல் வளர்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதற்குத் தெற்கே பண்டா தீவுகளில் குனுங் அப்பி என்ற எரிமலை உண்டு. 1988-ல் அது வெடித்துத் தீக்குழம்பு கடலில் இறங்கியது. வழியில் இருந்த பவளம் மொத்தமும் போனது. ஐந்தே ஆண்டில் அந்தக் கரும்பாறையின் மேல் 120-க்கும் மேற்பட்ட பவள இனங்கள் குடியேறியிருந்தன. மேசை போல விரிந்த பவளம் ஒரு மீட்டரை நெருங்கியிருந்தது. தீக்குழம்பு இறுகினால் கெட்டியான பாறை. மிதந்து வரும் பவளக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள நல்ல இடம். கப்பலின் அடிப்பாகம் அரைத்துப் போட்ட இடத்தில் இருப்பதோ உதிரிச் சல்லி. நீரோட்டம் வரும்போதெல்லாம் அது உருளும், ஒட்டிய குஞ்சு நசுங்கும். எரிமலை கொளுத்திய இடம் பத்தாண்டுக்குள் தோட்டமாகிவிடலாம். கப்பல் உரசிய இடம் பல பத்தாண்டுகள் சல்லிமேடாகவே கிடக்கலாம்.

பண்டா வரைக்கும் வந்துவிட்டோம், சாதிக்காயைத் தொடாமல் போக முடியாது. நூற்றாண்டுகளாக உலகத்துக்குச் சாதிக்காயும் சாதிபத்திரியும் கிடைத்தது இந்தக் கையளவு தீவுகளிலிருந்து மட்டும். அந்த வாணிபத்துக்காக 1621-ல் டச்சு கிழக்கிந்திய கம்பெனியின் யான் பீட்டர்சூன் கூன் படையோடு வந்து பண்டா மக்களை ஆயிரக்கணக்கில் கொன்றார், மிஞ்சியவர்களை அடிமைகளாகக் கொண்டு போனார். 1667-ல் பிரெடா உடன்படிக்கையில் ரன் என்ற குட்டித்தீவு டச்சுக்காரர்களுக்கு, இன்றைய நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஆங்கிலேயருக்கு என்று முடிவானது. இந்த மன்ஹாட்டன் கதையை எல்லாக் கப்பலிலும் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார்கள். 1621-ஐ அந்த அளவுக்குச் சொல்வதில்லை என்பது என் மனத்தாங்கல்.

பண்டாவுக்கு எப்போது வேண்டுமானாலும் போய்விட முடியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்கிழக்குப் பருவக்காற்று பண்டா கடலைக் கலக்கிவிடும். ஜனவரியில் மேற்குக் காற்று. இரண்டுக்கும் நடுவே, மார்ச்-ஏப்ரலிலும் அக்டோபர்-நவம்பரிலும் கடல் எண்ணெய் ஊற்றியது போல் படுத்திருக்கும். அந்த இடைவெளிகளில்தான் கப்பல்கள் நுழைகின்றன. கையில் தரும் பயணத் திட்டத்தின் கீழே 'வானிலையைப் பொறுத்து மாறலாம்' என்று பொடி எழுத்தில் இருக்கும். அதைத்தான் மேலே கொட்டை எழுத்தில் போட வேண்டும்.

வானிலைக்கு மட்டும் பருவம் இல்லை, தீவு மனிதர்களின் வழக்கங்களுக்கும் பருவம் உண்டு. தென் பசிபிக் நாடான வனுவாட்டுவின் பெந்தெகோஸ்ட் தீவில் கணுக்காலில் காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டு மரக்கோபுரத்திலிருந்து குதிக்கும் சடங்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை நடக்கும். மழைக்காலம் முடிந்த கையோடு கொடியில் ஈரமும் இழுவையும் சரியாக இருக்கும் மாதங்கள் அவை. 1974 பிப்ரவரியில் பிரிட்டன் அரசி எலிசபெத் கப்பலில் வந்தபோது, அவர் பார்ப்பதற்காகப் பருவம் தப்பிக் குதிக்க வைத்தார்கள். ஒருவரின் கொடி அறுந்தது, அவர் இறந்துபோனார். வருகிறவர்களின் நாட்காட்டிக்குத் தீவை வளைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

வளைந்து கொடுக்காத இடம் என்றால் கலாபகோஸ். ஈக்வடார் அங்கே சட்டத்தைக் கறாராக வைத்திருக்கிறது. தீவுகளைச் சுற்றும் கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் கூடாது. 16 பயணிகளுக்கு ஒரு அங்கீகரிக்கப்பட்ட வழிகாட்டி கட்டாயம். அங்கே ஓடும் படகுகளில் பாதிக்கு மேல் ஏன் சொல்லிவைத்தாற்போல் 16 பேர் படகுகளாகவே கண்ணில் படுகின்றன என்பது இப்போது புரியும். பதினேழாவது ஆள் ஏறினால் இரண்டாவது வழிகாட்டிக்குச் சம்பளம். எந்தத் தீவில் எந்த நாள் எத்தனை மணிக்கு இறங்கலாம் என்பதைத் தேசியப் பூங்கா நிர்ணயிக்கிறது. ஒரே இடத்துக்கு இரண்டு வாரத்துக்குள் திரும்ப வர முடியாது. விலங்குக்கும் ஆளுக்கும் நடுவே 2 மீட்டர். கடல் சிங்கம் தானாக வந்து காலடியில் படுத்தால் நகர வேண்டியவர் நீங்கள்தான். 2024 ஆகஸ்டிலிருந்து பெரும்பாலான வெளிநாட்டவருக்கு நுழைவுக்கட்டணம் 100 டாலரிலிருந்து 200 டாலர் ஆனது. முணுமுணுத்தார்கள், கட்டினார்கள்.

மற்றத் தீவுகளில் பெரும்பாலும் இப்படி ஒரு அரசுக் கை இல்லை. கப்பல் நிறுவனத்தின் மனசாட்சியும் ஊர்ப் பெரியவர்களின் பேச்சும்தான் சட்டம். இருநூறு பேர் வாழும் கிராமத்தில் நூறு பேர் கேமராவோடு இறங்குவதை நினைத்துப் பாருங்கள். நன்றாக நடத்துகிறவர்கள் பல மாதம் முன்பே தலைவரிடம் அனுமதி கேட்டு, தொகையைப் பேசி, ஒரு காலையில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்கிறார்கள். பண்டாவை உள்ளடக்கிய மலுக்குத் தீவுகளிலும் ராஜா அம்பாட்டிலும் 'சாசி' என்றொரு வழக்கம் இருக்கிறது. ஒரு கடற்பகுதியைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பூட்டிவிடுவார்கள். கடல் அட்டையும் சங்கும் பெருகும்வரை யாரும் அங்கே கை வைக்கக் கூடாது. பிறகு ஊர்கூடித் திறப்பார்கள். சாசி போட்ட இடத்தில் முக்குளிக்க முடியுமா என்று கேட்கப் போன கப்பல்காரர் 'அடுத்த வருடம் வாருங்கள்' என்ற பதிலோடு திரும்ப நேர்ந்தால், அந்த ஊர் பத்திரமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பயணம் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற பேச்சை மட்டும் அப்படியே விழுங்க வேண்டாம். ஒரு இயந்திரத்தின் புகையை ஏழாயிரம் பேர் பங்கு போடுவதும் நூறு பேர் பங்கு போடுவதும் ஒன்றாகாது. ஆளுக்கு இவ்வளவு என்று பார்த்தால் சிறு கப்பலின் பங்கு கூடிவிடும். கப்பலைப் பிடிப்பதற்கே இரண்டு மூன்று விமானம் மாற வேண்டும். விதை ஒட்டியிருக்கிறதா என்று செருப்பின் அடியையும் பையின் மடிப்பையும் கழுவித் துடைக்கச் சொல்வது உண்மையான அக்கறைதான். தெரியாமல் வந்து இறங்கும் ஒரு எலி ஜோடி தரையில் கூடு கட்டும் கடற்பறவைகளை ஒரு தீவிலிருந்தே துடைத்துவிடும்.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் கடைசியில் முடிவு சொல்வது அலை. தென் பசிபிக்கில், மகர ரேகைக்குச் சற்றுத் தெற்கே பிட்கெய்ர்ன் தீவு. 'பவுன்டி' கப்பலில் கலகம் செய்தவர்கள் 1790-ல் வந்து ஒளிந்த இடம். இன்று ஐம்பது பேர் அளவில் இருக்கிறார்கள், விமான நிலையம் இல்லை. உலகின் மறுகோடியிலிருந்து, வாழ்நாளில் ஒரு தடவை என்று வருகிறவர்கள் தீவுக்கு எதிரே தளத்தில் நிற்பார்கள். பவுன்டி விரிகுடாவில் அலை உடைவது அங்கிருந்தே தெரியும். கேப்டன் பார்ப்பார், ரப்பர் படகை இறக்கச் சொல்ல மாட்டார். சில நாட்களில் அப்போது தீவிலிருந்து நீளப்படகு ஒன்று அலைக்குள் மூக்கை விட்டு ஏறி இறங்கி வரும். தீவுக்காரர்கள் கயிற்று ஏணியில் மேலே வந்து, தேனையும் மரத்தில் செதுக்கிய மீன்களையும் தபால்தலைகளையும் கப்பலின் மேசையில் பரப்புவார்கள். கேட்பவர்களின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தித் தருவார்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதே ஏணியில் இறங்கி, அதே அலைக்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.